செய்து எடுத்த எஞ்சின் இழுக்குதில்லையா, கேளுங்க

மட்டக்களப்பு கல்லடியில 22 வருசமா அவுட்போட் எஞ்சின் (போட்டுக்குப் பின்னால கொழுவுற எஞ்சின்) கழட்டிப் பூட்டுறன். போர் போட்டு, அதாவது சிலிண்டர உள்ளுக்க கடைஞ்சு, எடுத்த எஞ்சின் சோம்புதெண்டா கேளுங்க, தெரிஞ்சத சொல்றன். எத்தின குதிர வலு, பெற்றோலா மண்ணெண்ணெயா, பிளக் என்ன நிறம், இந்த மூண்டையும் எழுதுங்க.

வாழைச்சேனை: அண்ணன், 40 குதிர, பெற்றோல், பிளக் கொஞ்சம் வெள்ளையாக் கிடக்கு. ரெண்டு சிலிண்டரும் போர் போட்டு புது பிஸ்டன் ரிங் போட்டம். கரையில நல்லா ஸ்டார்ட் ஆகுது, கடலுக்க போய் முழுக்க முறுக்கினா ரெண்டு நிமிசம் பறக்குது, மறுகா அப்பிடியே சோர்ந்து போகுது. எஞ்சின் செய்த பாஸ் (மெக்கானிக்) திரும்ப ஹெட்ட, அதான் சிலிண்டர் மூடிய, கழட்டணும் எண்டுறார்.

பதில்: கழட்ட விடாதீங்க தம்பி. ரெண்டு நிமிசம் பறக்குதெண்டா எனக்கு பிஸ்டனில சந்தேகம் இல்ல, பெற்றோல் வந்து சேர்றதிலதான் சந்தேகம். சோருற நேரம் ஒராள் பைப்பில இருக்கிற ரப்பர் பல்ப விடாம நசுக்கட்டும். எஞ்சின் திரும்ப எழும்பினா பெற்றோல் பம்ப் காணாது, இல்லாட்டி டாங்கியில இருந்து வாற பைப் எங்கயோ காத்து இழுக்குது. பல்ப் சப்பிப்போய்க் கிடந்தா டாங்கிப் பக்கம் அடைப்பு. முதல்ல டாங்கி மூடியில உள்ள காத்து ஸ்க்ரூ திறந்திருக்கா பாருங்க. சிரிக்காதீங்க, வாகனம் பிடிச்சு எஞ்சினையும் டாங்கியையும் ஏத்திக்கொண்டு வந்த ஒருவருக்கு நான் செய்த வேல அந்த ஸ்க்ரூவ ரெண்டு சுத்து திருப்பினதுதான், காசு கேக்க வெக்கமாப் போச்சு. ஆனா வெள்ளப் பிளக்கோட இனி முழுக்க முறுக்கி நெடுக ஓடாதீங்க, ஒயில் பெற்றோலோட கலந்துதான் வருது, பெற்றோல் காணாட்டி ஒயிலும் காணாது, புது பிஸ்டன் இறுகிடும்.

திருக்கோவில்: 15 குதிர, பெற்றோல், பிளக் கறுப்பு. கம்பிரஷன் (சிலிண்டருக்க அமுக்கம்) ஒரு சிலிண்டர் 110 psi, மற்றது 85.

பதில்: வித்தியாசம் கூட. பத்து வீதத்துக்குள்ள நிக்கணும். ரெண்டு பிளக்கையும் கழட்டி, முறுக்குற கைபிடிய முழுக்க திறந்து வச்சுத்தான் கயித்த இழுத்தீங்களா? அப்பிடியும் 85 எண்டா அந்தச் சிலிண்டருக்க ஒரு சின்னக் கரண்டி ஒயில் விட்டு திரும்ப இழுங்க. ஏறினா ரிங் அல்லது போர், ஏறாட்டி ஹெட் கேஸ்கெட்ட (ஹெட்டுக்கு அடியில வைக்கிற தகடு) பாருங்க. ரிங் போட்ட ஆளிட்ட ஒண்டு கேளுங்க: ரிங் காடிக்குள்ள ஒரு குட்டிப் பின் இருக்கு, ரிங்கிட வாய் அந்தப் பின்னில வந்து உக்காந்ததா? உக்காராம தட்டி இறக்கினா ரிங் உடைஞ்சு சிலிண்டரையும் கீறிடும்.

சாய்ந்தமருது: மண்ணெண்ணெய் எஞ்சின் நானா, செய்ததுக்குப் பிறகு பாரம் ஏத்தினா டக டக எண்டு தட்டுது, சக்தியும் இல்ல.

பதில்: பிளக் நிறம் எழுதல்ல, பறவாயில்ல. மண்ணெண்ணெய் மொடலுக்கு கம்பிரஷன் குறைச்சலாத்தான் வச்சிருப்பாங்க. பெற்றோல் மொடல் ஹெட்டோ கேஸ்கெட்டோ மாறிப் பூட்டினா இப்பிடித்தான் தட்டும். பார்ட் நம்பர ஒத்துப் பாருங்க, அதுவரைக்கும் ஓடாதீங்க, பிஸ்டன் தலையில ஓட்ட விழும்.

வாகரை: எஞ்சின் கத்துது, போட் நகருதில்ல.

பதில்: புரொப்பெல்லர் நடு ரப்பர் சுத்துது போல. நடுக் குழாயில இருந்து வெளி உடம்பு வரைக்கும் பெயின்டால ஒரு கோடு கீறிட்டு ஒரு ஓட்டம் போய்ட்டு வாங்க, கோடு விலகியிருந்தா அதுதான். எஞ்சினுக்கு ஒண்டுமில்ல.

களுவாஞ்சிக்குடி: செய்து எடுத்த எஞ்சின் ரன்னிங்குக்கு (முதல்ல பழக்கி ஓட்டுறதுக்கு) ஒயில் எவ்வளவு அண்ணன்?

பதில்: வழமையா 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் ஊத்திற டூ ஸ்ட்ரோக் எண்டா முதல் 10 மணித்தியாலம் 25க்கு 1, அதாவது லீற்றருக்கு 40 மில்லி. மறுகா 20. சோடா மூடியால அளக்கிற ஆக்கள் தயவுசெய்து ஒரு மருந்துக் கப் வாங்குங்க.

வாழைச்சேனை: அண்ணன் ஸ்க்ரூ திறந்துதான் கிடந்த. பல்ப நசுக்க எழும்பிச்சு!

பதில்: பைப் கொழுவுற இடத்து ஓ ரிங்க முதல்ல மாத்துங்க, மலிவு. அதுக்கும் சரிவராட்டி பம்ப் டயாபிரம் (பம்புக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வு) கிட். பழச கையில எடுத்து வளைச்சுப் பாருங்க, விறைச்சிருக்கும். பாஸிட்ட ஹெட்டத் தொட வேணாம் எண்டு சொல்லுங்க.