மரணத்தை எதிர்நோக்கியிருந்த பேராசிரியர் ராண்டி பாஷின் கடைசி உரையிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

கேள்வி கேட்டவர் வீட்டிலும் யாரோ படுக்கையில் இருக்கிறார் என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் மகிழ்ச்சி. மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அந்த உரையைப் பற்றி எழுதுகிறவர்கள் குழந்தைப் பருவக் கனவுகள், தடைச்சுவர்கள், மேடையில் அவர் எடுத்த தண்டால் என்று போவார்கள். எனக்கு முதல் சில நிமிடங்களே போதும். 2007 செப்டம்பர் 18, பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழக அரங்கம். கணினி அறிவியல் பேராசிரியர், 46 வயது, கணையப் புற்றுநோய். தன் ஸ்கேன் படத்தையே திரையில் போட்டு, கல்லீரலில் ஏறத்தாழ பத்துக் கட்டிகள் என்கிறார். நல்ல உடல்நிலையோடு இருக்கப்போவது மூன்று முதல் ஆறு மாதம் என்று மருத்துவர்கள் சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டதாம். மனைவியின் சொந்தங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று குடும்பத்தை வர்ஜீனியாவுக்கு மாற்றியும் ஆயிற்று. 2008 ஜூலை 25 அன்று இறந்தார்.

என் அப்பாவுக்கும் அதே கணையம்தான். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் மஞ்சளித்தபோது காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஸ்கேன் எடுத்த பிறகு உண்மை தெரிந்தது, எங்களுக்கு மட்டும். அவரிடம் பித்தப்பையில் கல் என்றோம். அறிக்கையைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்தோம். ஐந்து மாதம் நடித்தோம். பார்க்க வந்த உறவினர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தி, என்ன பேசக் கூடாது என்று சொல்லி உள்ளே அனுப்புவது என் வேலை. கல் எப்போது கரையும் என்று அப்பா கேட்பார். சீக்கிரம் என்பேன்.

'பாசத்தால்தானே மறைத்தீர்கள், அமெரிக்கா வேறு நம் ஊர் வேறு' என்று யாராவது சொல்வீர்கள். பாசத்தால்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாஷ் தன் காரியங்களைத் தானே முடித்துக்கொண்டு போனார். அப்பாவுக்கு நாங்கள் அதற்கு வழிவிடவில்லை.

அப்படி விட்டுப்போனவற்றில் ஒன்று பணிப்பதிவேடு. அம்மாவின் பெயரில் 'ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'சு'. அதற்காகக் குடும்ப ஓய்வூதியம் பதினொரு மாதம் நின்றது. "இதில் இருப்பது இவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று அம்மாவை எதிரே நிற்க வைத்துக்கொண்டே ஓர் எழுத்தர் என்னிடம் கேட்டார். அவர் பிள்ளைகளுக்கும் யாரோ ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்திருப்பார். சரி விடுங்கள், கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பதிவேட்டின் நகலைத் தேடியபோதுதான் புடவைக்கு அடியில் இருந்த உறை மறுபடி கையில் கிடைத்தது. அறிக்கையில் இரண்டு எழுத்துப் பிழைகள் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டு, ஓரத்தில் திருத்தி எழுதப்பட்டிருந்தன. அப்பாவின் கையெழுத்து.

அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.