உச்சிவெயில் ஒரு மணிக்கு: அறிவியல் கேள்வி பதில்

கேள்வி: மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். வீட்டுக்குக் கீழே உள்ள புல்வெளியில் குச்சி நட்டு நிழலை அளந்தோம். நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று படித்திருந்தாள். எங்களுக்கோ ஒரு மணிக்கு மேல்தான் அப்படி வந்தது. குச்சி கோணலா, கணக்கு கோணலா?
– ஈசூன் வாசகி

பதில்: இரண்டும் இல்லை. நம் கடிகாரம்தான் சூரியனை முந்திக்கொண்டு ஓடுகிறது.

பூமி 360 பாகை சுழல 24 மணி நேரம் ஆகிறது. பாகைக்கு 4 நிமிடம். சிங்கப்பூர் ஏறத்தாழ 103.8 பாகை கிழக்கில் இருப்பதால் கிரீன்விச்சுக்கு 415 நிமிடம் முன்பே, அதாவது 6 மணி 55 நிமிடம் முன்பே, நமக்கு உச்சிவேளை வந்துவிடுகிறது. கடிகாரத்தையோ 8 மணி நேரம் முன்னே வைத்திருக்கிறோம். முன்பு ஏழரை மணி நேரமாக இருந்தது. தீபகற்ப மலேசியா தன் கிழக்கு மாநிலங்களான சபா, சரவாக்கின் நேரத்துக்கு மாறியபோது, 1982 ஜனவரி 1 முதல் நாமும் கூடவே அரை மணி தள்ளிவைத்தோம். அதனால்தான் சராசரியாக 1.05 மணிக்கு இங்கே உச்சி. சென்னையில் அது 12.09, அங்கே எழுதிய பாடநூலில் ‘12 மணி’ என்றிருந்தால் பெரிய பிழையில்லை, இங்கே பிழைதான்.

இந்த 1.05-ம் நிலையானதல்ல. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சோ 23.4 பாகை சாய்ந்தது. அதனால் பிப்ரவரி நடுவில் 1.19 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.48-க்கே வந்துவிடும்.

அடுத்த முறை நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ‘நண்பகல் நிழல் வடக்கே விழும்’ என்பது வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்களின் வாக்கியம். நாம் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை மட்டுமே வடக்கில் இருக்கிறோம். ஜூன் பள்ளி விடுமுறையில் 1 மீட்டர் குச்சியின் உச்சிவேளை நிழல் சுமார் 40 சென்டிமீட்டர், விழுவது தெற்கே. டிசம்பர் விடுமுறையில் சுமார் 46 சென்டிமீட்டர், வடக்கே. மார்ச் 23, செப்டம்பர் 20 வாக்கில் நிழல் கிட்டத்தட்ட காலடியிலேயே மறைந்துவிடும்.

உச்சிவேளையைச் சரியாகப் பிடிக்க, மிகக் குட்டையான நிழலுக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் நீளம் மிக மெதுவாக மாறும். சூரியன் ஒரு புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழல் முனையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாகவே தெரியும். கோயில் கட்டத் திசை குறிக்க நம்மவர்கள் ‘சங்கு’ என்ற நிழல்குச்சியை நட்டு வட்டம் போட்டார்களே, அதுதான் நல்ல வழி. சமதரையில் குச்சியை நட்டு, நூலில் கட்டிய கல்லைப் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டு பக்கமிருந்தும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் முனை 1.7 சென்டிமீட்டர் விலகிவிடும். பகல் 11.50-க்கு நிழல் முனையில் ஒரு சாத்தே குச்சியைக் குத்தி, அந்தத் தூரத்தையே ஆரமாக வைத்து நூலால் வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு குச்சி. இரண்டாவது 2.20-க்கு வந்தால், நடு நேரமான 1.05 தான் அன்றைய உச்சி. இரண்டு குச்சிகளையும் இணைக்கும் கோடு மேற்கு கிழக்கு. மேகம் வந்து கெடுக்கும் என்பதால் 11.30, 11.40, 11.50 என மூன்று வட்டங்கள் போட்டுக்கொள்வது நல்லது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், நிழல் போதும்.

கேள்வி: மழை நின்ற காலையில் பேருந்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படர்ந்திருந்தது. ‘ஏர்கான் குளிர் கண்ணாடி வழியாக வெளியே கசிகிறது’ என்கிறான் மகன். எப்படித் திருத்துவது?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: குளிர் என்று ஒரு பொருள் இல்லை, கசிவதற்கு. நகர்வது வெப்பம், அதுவும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டும். வெளிக்காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டு வெப்பத்தை இழந்து நீர்த்துளியாகிறது. நம் ஊர்க் காற்று 24 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தாலே நீரைக் கொட்டத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளில் படர்வது உள்பக்கம், ஏனென்றால் அங்கே சூடான ஈரக்காற்று வண்டிக்குள் இருக்கிறது. எது ஈரமான சூடான பக்கமோ, துளி அந்தப் பக்கம்.

துளி உள்ளிருந்து கசியவில்லை என்று காட்ட, ஐஸ் போட்ட பண்டோங் (ரோஜாப் பாகு கலந்த பால்) ஒரு குவளை போதும். வெளியே வழியும் துளி ரோஜா நிறமா, நிறமற்றதா? மூடியுள்ள பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்தால் எடை சில கிராம் கூடுவதையும் காணலாம். தேர்வில் ‘காற்று குளிர்ந்தது’ என்று நிறுத்தினால் மதிப்பெண் போகும். எந்த நீராவி, எங்கே வெப்பத்தை இழந்தது, என்னவாக மாறியது என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

கேள்வி: சோற்றில் எச்சில் கலந்தால் மாவுச்சத்து உடையும், அயோடின் விட்டால் கறுக்காது என்றார்கள். செய்தால் இரண்டு கிண்ணமும் கறுத்துவிட்டன.
– புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: சோறு அதிகம், நேரம் குறைவு. பெரும்பாலும் இதுதான் காரணம். இல்லையென்றால் சோறு சுடச்சுட இருந்திருக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் ஒரு புரதம். 60 பாகைக்கு மேல் சூடுபட்டால் உருக்குலைந்துவிடும், பிறகு ஆறவைத்தாலும் திரும்பாது. எலுமிச்சைச்சாறு குடித்த வாயோடு செய்தாலும் சரிவராது, புளிப்பில் அது மந்தமாகிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு தேக்கரண்டி ஆறிய சோற்றை 100 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் நன்றாக மசித்து வடிகட்டுங்கள். மேகம்போலக் கலங்கிய நீர் கிடைக்கும். இரண்டு கிண்ணங்களில் 10 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றில் ஒரு தேக்கரண்டி எச்சில். மற்றதில் அதே அளவு தண்ணீர்; இதை விட்டுவிட்டால், நிறம் மாறியது எச்சிலாலா, நீர்த்துப்போனதாலா என்று சொல்ல முடியாது. இரண்டையும் 37 பாகை நீரில் 15 நிமிடம் வையுங்கள். நம் அறை வெப்பத்திலும் நடக்கும், மெதுவாக. மருந்துக்கடையில் கிடைக்கும் புண்ணுக்கான போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து வெளிர் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து, கிண்ணத்துக்கு ஒரே ஒரு துளி. அப்படியே ஊற்றினால் அதன் பழுப்பே எல்லாவற்றையும் மறைத்துவிடும். தண்ணீர்க் கிண்ணம் கருநீலமாகும், எச்சில் கிண்ணம் பழுப்போடு நிற்கும். யார் எச்சிலோ அவர்களே கிண்ணத்தைக் கழுவட்டும். எதையும் வாயில் வைக்கக் கூடாது.

இரைப்பையில் இந்த வேலை ஏன் தொடர்வதில்லை என்று பிள்ளை கேட்டால், அங்குள்ள அமிலம் அமைலேஸை நிறுத்திவிடுகிறது என்று சொல்லுங்கள். மிச்சம் உள்ள மாவுச்சத்தைச் சிறுகுடலில் கணையத்திலிருந்து வரும் அமைலேஸ் கவனித்துக்கொள்ளும்.

கேள்வி: ஆக்சிஜனை உள்ளிழுத்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறோம் என்று எழுதினால் தவறா?
– செங்காங் மாணவர்

பதில்: பாதி சரி. உள்ளே போவதும் வெளியே வருவதும் காற்றுதான். உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, வெளிவிடுவதில் இன்னும் 16 விழுக்காடு. கரியமில வாயு 0.04-லிருந்து சுமார் 4 விழுக்காடாகிறது. நைட்ரஜன் 78 விழுக்காடு, சும்மா போய்விட்டு வருகிறது. வாயோடு வாய் வைத்துச் செயற்கைச் சுவாசம் கொடுக்க முடிவது அந்த 16-ஆல்தான்.

கேள்வி: விசிறியை நிறுத்து, கரண்ட் பில் ஏறுகிறது என்கிறார் மாமியார். மின்கெண்டியில் நாள் முழுக்கத் தண்ணீர் கொதிப்பது அவர் கண்ணில் படவில்லை. எது அதிகம் தின்னும்?
– தோ பாயோ வாசகி

பதில்: 2200 வாட் கெண்டி 4 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 147 வாட்-மணி. 60 வாட் கூரை விசிறி அதே அளவைச் செலவழிக்க இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும். ஒன்றரை லிட்டரை 28 பாகையிலிருந்து கொதிக்கவைக்க நீருக்குத் தேவைப்படுவது சுமார் 126 வாட்-மணி. மீதி கெண்டியின் உடலுக்கும் ஆவிக்கும் போகிறது. ஒரு கோப்பை டீக்கு 200 மில்லிலிட்டர் போதும் என்னும்போது கெண்டியை நிரப்புவதில்தான் வீண். கீழ்க்கோட்டுக்குக் குறையாமல் ஊற்றுங்கள். மூடியையும் அழுத்தி மூடுங்கள்: ஆவி பின்னால் உள்ள சுவிட்சை எட்டினால்தான் கெண்டி தானாக அணையும். திறந்திருந்தால் ஆவி வெளியே போய்விடும், கெண்டி கொதித்துக்கொண்டே இருக்கும்.