பட்டன் கிட்டார் வாசித்தால் கிட்டார் வருமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் எந்நேரமும் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேம் விளையாடுகிறான். கேட்டால், “இதுவும் பிராக்டீஸ்தான்மா” என்கிறான். உண்மையா? – ஒரு வாசகி, பெரம்பூர்.

பதில்: பாதி உண்மை. மீதியை அவன் சொல்ல மாட்டான்! 2005இல் வந்த அந்த விளையாட்டின் பிளாஸ்டிக் கிட்டாரில் கம்பியே கிடையாது. ஐந்து கலர் பட்டன், தட்ட ஒரு பட்டை, அவ்வளவுதான். சரியாக அழுத்தினால் ஏற்கெனவே பதிவான இசை ஒலிக்கும். சுருதி சேர்க்கிற வேலையும் இல்லை, விரல் நுனி காய்க்கப்போவதும் இல்லை.

ஆனால் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம் மாறாமல் இருப்பது, கொஞ்சம் நிற்கும். மயிலாப்பூரில் என் வகுப்புக்கு இப்படி விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் தாளத்தை முந்திக்கொண்டு அவ்வளவாக ஓடுவதில்லை. என்ன, கண்ணால் வாசித்தே பழகியவர்கள். திரை இல்லாவிட்டால் திணறுகிறார்கள். டிரம்ஸ் கதை வேறு. 2007இல் வந்த ‘ராக் பேண்ட்’ விளையாட்டின் டிரம்ஸில் குச்சியும் பெடலும் உண்டு. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து இயங்குவது நிஜ டிரம்ஸுக்கும் அப்படியே உதவும்.

சோதித்துப் பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவன் விளையாடும் பாட்டைத் தாளம் போட்டுக்கொண்டே பாடச் சொல்லுங்கள். தப்பாமல் வந்தால் நிஜ கிட்டார் வாங்கிக் கொடுக்கலாம். விளையாட்டையும் விட மனமில்லையென்றால் ‘ராக்ஸ்மித்’ என்ற விளையாட்டு இருக்கிறது. அதில் நிஜ எலெக்ட்ரிக் கிட்டாரையே கேபிளில் இணைத்து வாசிக்கலாம். சாதாரண கிட்டார் என்றால் நைலான் கம்பி போட்டதாகப் பாருங்கள், விரல் அதிகம் வலிக்காது.