எண்ணெயில் இல்லை, எள்ளில் இருக்கிறது

கேள்வி: வயது 49. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூக் கட்டுகிறேன். எட்டு மாதமாக மாதவிலக்கு இல்லை. திடீரென்று முகமும் கழுத்தும் கொதித்து, விரல் வேர்வையில் நார் வழுக்குகிறது. இரவில் தூக்கமில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். உளுந்தங்களி போதும் என்கிறார் மாமியார். தெரிந்தவர் ஒருவர் பக்கவிளைவே இல்லாத பொடி என்று ஒன்றைக் கொடுத்தார். ஹார்மோன் மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே சரியாகுமா?
– வாசகி, மதுரை

மருத்துவர் பதில்:

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. சாப்பாடு எலும்பைக் காக்கும். வேர்வையை நிறுத்த அது மட்டும் போதாது.

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. அது குறையும் முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். உளுந்தின் பலம் புரதம். கால்சியம் அதில் குறைவு. களியில் ஊற்றும் நல்லெண்ணெயிலும் அது கிடையாது. செக்கில் ஆட்டும்போது எள்ளின் கால்சியம் பிண்ணாக்கோடு போய்விடுகிறது. ஆகவே எள்ளையே தோல் நீக்காமல் வறுத்துத் துவையலாக அரையுங்கள்: 20 கிராம் கறுப்பு எள்ளில் 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 170. பாலும் மோராகக் கரைக்காத தயிருமாக 400 மில்லி எடுத்தால் 450க்கு மேல். முருங்கைக்கீரைப் பொரியலும் சேர்ந்தால் ஆயிரத்தை நெருங்கிவிடலாம். களியை விட்டுவிடாதீர்கள், தசைக்குப் புரதம் வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கருப்பட்டியைக் குறையுங்கள். விடியுமுன் வந்து கூரைக்குள்ளேயே உட்கார்ந்து கட்டுகிறவர் நீங்கள். முற்பகலில் சற்று நேரம் வெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும்.

இனி அந்த வேர்வை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடல் சூட்டைச் சீராக வைக்கும் மூளைப் பகுதி தடுமாறி, சிறு வெப்பத்துக்கும் வேர்க்க வைக்கிறது. ஆனால் தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் இதே வேர்வையும் படபடப்பும் வரும், மாத்திரையின் அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள், காபியோடு வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. சோயா சிலருக்கு வேர்வையை ஓரளவு குறைக்கிறது. அதுவும் தைராய்டு மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

தூக்கம் கெடும் அளவுக்குப் போய்விட்டதால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். இந்த வேர்வைக்கு அதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு. இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பூக் கட்டினீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

பொடியைத் தொடாதீர்கள். பெயரும் சேர்மானமும் இல்லாத இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் ஈயமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள்; தைராய்டு மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள்.

எட்டு மாதம்தான் ஆகிறது, மாதவிலக்கு இடையில் திரும்பவும் வரலாம். தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்த பிறகே நின்றதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் சூட்டினால் என்று விடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள்.