“எத்தனை நாள் உபவாசம் இருந்தால் இருதயம் சுத்தமாகும்?” – கேள்வி பதில்

இருதய சுத்தத்தைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வேதாகம வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரன், விசா, வீட்டுக்கடன் பற்றி எழுதியவர்கள் உங்கள் போதகரிடம் சொல்லி ஜெபியுங்கள். இங்கே அதை எடுக்கவில்லை.

இருதய சுத்தம் என்றால் இச்சையை ஜெயிப்பதுதானே அக்கா? எங்கள் வாலிபர் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

அதுவும் உண்டு தம்பி, அது மட்டும் இல்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருதயத்திலிருந்து புறப்படுகிறவை என்று இயேசு ஒரு பட்டியல் தருகிறார். விபசாரமும் காமவிகாரமும் அதில் இருக்கின்றன. அவற்றோடு பொருளாசை, கபடு, வன்கண், பெருமை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. மொத்தம் பதின்மூன்று. நம் கூட்டங்களில் இரண்டு மூன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பேசிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். சித்தப்பா மகன் மாடி கட்டுகிறான் என்று கேட்டவுடன் வயிறு எரிகிறதே, அதுதான் வன்கண். அதற்கு யாராவது முழு இரவு ஜெபம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

யாக்கோபு 4:8 யாரைப் பார்த்து இருதயத்தைப் பரிசுத்தமாக்கச் சொல்கிறது என்று பாருங்கள்: “இருமனமுள்ளவர்களே.” தேவனும் வேண்டும், ஊர் மெச்சவும் வேண்டும். ஊழியமும் செய்ய வேண்டும், மேடையில் நாற்காலியும் வேண்டும். இந்த இரண்டுபட்ட நிலைதான் அசுத்தத்தின் வேர். இச்சை அதன் ஒரு கிளை. சங்கீதம் 86:11ல் தாவீது “என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்” என்று கேட்கிறான். நீளமாக ஜெபிக்க வராதவர்கள் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

ஜெபிக்க முழங்கால் போட்டவுடன் கண்ட கண்ட எண்ணம் வருகிறது. என் இருதயம் சுத்தமாகவே ஆகாதா?

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் காசியன் என்பவர் தன் நண்பர் ஜெர்மானுசோடு எகிப்தின் ஸ்கேட்டிஸ் பாலைவனத்துக்குப் போய், அங்கிருந்த மூத்த துறவிகளிடம் கேள்வி கேட்டுப் பிற்பாடு எழுதி வைத்தார். மூத்த துறவிகளை அங்கே ‘அப்பா’ என்று அழைப்பார்கள். அப்படி ‘அப்பா மோசே’ என்று அழைக்கப்பட்ட பெரியவரிடம் ஜெர்மானுஸ் நீங்கள் கேட்டதையேதான் கேட்டார்: நான் கூப்பிடாமலே எண்ணங்கள் வருகின்றனவே, என்ன செய்ய?

எண்ணம் வராமல் இருக்க எந்த மனுஷனாலும் முடியாது என்றார் மோசே. வந்ததைச் சேர்ப்பதும் தள்ளுவதும்தான் நம் கையில் இருக்கிறது. தண்ணீரால் ஓடும் மாவு ஆலையை அவர் காட்டினார். தண்ணீர் பாயும்வரை கல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதில் கோதுமையைப் போடுவதா, களையைப் போடுவதா என்பது ஆலைக்காரன் தீர்மானம்.

யாக்கோபு 1:14, 15ஐயும் படியுங்கள். இச்சை இழுக்கிறது, பிறகு கர்ப்பந்தரிக்கிறது, அதற்குப் பிறகுதான் பாவத்தைப் பிறப்பிக்கிறது. இழுப்பு வந்ததற்காக அழுதுகொண்டிருக்காதீர்கள். அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். பகல் முழுக்க எதைப் பார்த்தீர்கள், யாரைப் பற்றி என்ன பேசினீர்கள் என்பதுதான் ராத்திரி ஜெபத்தில் மேலே வரும். அதனால் ஜெப நேரத்தை மட்டும் சரி பண்ணப் பார்த்தால் நடக்காது.

ஆராதனையில் கெட்ட எண்ணம் வந்தால்? வேதம் வாசிக்கும்போது வந்தால்? பைக் ஓட்டும்போது வந்தால்?

மேலே சொன்ன அதே பதில்தான். இடம் மாறினால் பதில் மாறாது.

இருபத்திரண்டு வயது, கல்லூரி விடுதி. கைப்பேசியில் ஆபாசம் பார்க்கும் பழக்கம். ஒவ்வொரு முறையும் அழுது மன்னிப்புக் கேட்கிறேன், மறுபடி விழுகிறேன்.

தம்பி, எழுதியதே நல்லது. 2 தீமோத்தேயு 2:22ஐ எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். “பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு நீ விலகியோடி” என்பது முதல் பாதி. “சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே” என்று அதே வசனம் தொடர்கிறது. பவுல் தனியாக ஓடச் சொல்லவில்லை. நீ தனியாக ஓடிக்கொண்டிருக்கிறாய். தனியாக அழுகிற அழுகை மறுநாள் காலையில் காய்ந்துவிடும்.

உன்னைவிட மூத்த, வாய் கெட்டியான ஒரு ஆணிடம் நேரில் சொல். வாட்ஸ்அப்பில் எழுதாதே, முகம் பார்த்துச் சொல். அவர் வாரம் ஒருமுறை உன்னிடம் கேட்க வேண்டும், நீ மறைக்காமல் சொல்ல வேண்டும். படுக்கும்போது கைப்பேசி உன் கட்டிலில் இருக்கக் கூடாது. அறைத் தோழனின் மேஜையில் சார்ஜில் போடு, காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். யோபு கண்களோடு உடன்படிக்கை பண்ணினான் என்று 31:1 சொல்கிறது. சோதனை வந்த பிறகு உடன்படிக்கை எழுத நேரம் இருக்காது, அதனால் சாயங்காலமே முடிவு செய்துவிடு.

விழாமல் இருந்த நாட்களைக் காலண்டரில் எண்ணிக்கொண்டிருக்காதே. நாள் எண்ணுவது வெறும் கருவி, இருதய சுத்தம்தான் குறி. கருவி வேறு, குறி வேறு. காலண்டர் நிறைந்தால் பெருமை வருகிறது, உடைந்தால் ‘இனி என்ன’ என்ற வெறுப்பு வருகிறது.

மூன்று நாள் உபவாசம் போதுமா, இருபத்தொரு நாளா, நாற்பது நாளா? எது இருதயத்தைச் சுத்திகரிக்கும்?

எதுவும் இல்லை. “விசுவாசத்தினாலே அவர்கள் இருதயங்களை அவர் சுத்தமாக்கி” என்று அப்போஸ்தலர் 15:9ல் பேதுரு சொல்கிறார். செய்கிறவர் அவர்.

உபவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் இருக்கிறேன். அதே அப்பா மோசே இதைத் தெளிவாகப் பிரித்தார். உபவாசம், இரவு விழிப்பு, வேத தியானம், உடைமையைத் துறப்பது எல்லாம் கருவிகள். இருதய சுத்தம்தான் குறி. பொன்னையும் வெள்ளியையும் பெரிய நிலங்களையும் உதறிவிட்டுப் பாலைவனத்துக்கு வந்தவர்கள், பிற்பாடு ஒரு சின்னக் கத்திக்காகவும் ஒரு ஊசிக்காகவும் ஒரு எழுதுகோலுக்காகவும் கொதித்ததை அவர் பார்த்திருக்கிறார். தன் புத்தகத்தை வேறொருவர் தொடக்கூட விடாதவர்களையும் பார்த்திருக்கிறார். நிலத்தை விட்டவனால் ஊசியை விட முடியவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் நேராக 1 கொரிந்தியர் 13க்குப் போகிறார்: எனக்கு உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை.

உபவாச நாளில் விருந்தாளி வந்து திட்டம் கெட்டதென்று கோபப்பட்டால், உபவாசத்தில் கிடைத்த லாபத்தைவிடக் கோபத்தில் போன நஷ்டம் பெரிது என்பதும் அவர் போதனைதான். உபவாச நாளில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்களைக் கண்டு பயந்து ஒதுங்குகிறார்களா? அதைக் கவனியுங்கள், எத்தனை நாள் என்ற கேள்வி தானாகப் போய்விடும்.

நகை போட்டுக்கொண்டு இருதய சுத்தம் பற்றிப் பேச முடியாது சிஸ்டர். 1 பேதுரு 3:3 தெளிவாக இருக்கிறது. ஏன் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை?

வசனத்தை முழுதாகப் பாருங்கள் பிரதர். மயிரைப் பின்னுவது, பொன்னாபரணம், உயர்ந்த வஸ்திரம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார் பேதுரு. அடுத்த வசனத்தில் “இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே” அலங்காரம் என்கிறார். உங்கள் சபையில் சடை பின்னுவதற்குத் தடை உண்டா? பட்டுப்புடவைக்கு?

(அவரே) நழுவாதீர்கள். யாத்திராகமம் 33ல் இஸ்ரவேலர் ஆபரணங்களைக் கழற்றிப்போட்டார்கள்.

கழற்றினார்கள், உண்மை. பொன் கன்றுக்குட்டி செய்த பாவத்துக்குத் துக்கப்பட்டுக் கழற்றினார்கள். ஆதியாகமம் 24ல் ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொற்காதணியும் கடகமும் கொடுத்தான். லூக்கா 15ல் திரும்பி வந்த மகனின் கைக்குத் தகப்பன் மோதிரம் போடச் சொல்கிறார். இரண்டு பக்கமும் வசனம் எடுத்து அடுக்கலாம், அதனால் யாருடைய இருதயமும் சுத்தமாகப் போவதில்லை.

(மதுரையிலிருந்து ஒரு சகோதரி) அக்கா, ஞானஸ்நானத்துக்கு முன் தாலி உட்பட எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். மாமியார் வீட்டில் இந்துக்கள். பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. நகை போட்டவர்கள் பரலோகம் போகமாட்டார்கள் என்று பாஸ்டரம்மா சொல்கிறார்கள்.

பரலோகத்துக்கு அப்படி ஒரு நிபந்தனை வேதத்தில் இல்லை, தங்கச்சி. பயப்படாதீர்கள்.

இனி எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் நகை போடுவதில்லை. அது நான் கர்த்தருக்கு முன் எடுத்த தீர்மானம், எனக்கு அதில் சந்தோஷம் உண்டு. அதை வைத்து அடுத்த பெண்ணின் காதையும் கழுத்தையும் அளந்தால், அந்த நிமிஷமே நான் மாற்கு 7ன் பட்டியலில் பெருமை என்ற இடத்தில் நிற்கிறேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நகையைக் கழற்றிய சில குடும்பங்களில் கல்யாணம் பேசும்போது பவுன் கேட்பதில்லை, அதற்கு ஈடாக ரொக்கமும் காரும் கேட்கிறார்கள். 1961லேயே வரதட்சணையைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. பொருளாசை காதிலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மத்தேயு 23:25ல் பாத்திரத்தின் வெளிப்புறத்தைச் சுத்தமாக்கி, உள்ளே கொள்ளையை வைத்திருக்கிறவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று நிதானமாக வாசியுங்கள்.

(நகை பற்றி முதலில் கேட்டவர்) எல்லோரும் அப்படி இல்லை. நாங்கள் ஒரு ரூபாய் வாங்காமல் மகனுக்குக் கல்யாணம் முடித்தோம்.

அதற்காக மனதாரக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லுங்கள் பிரதர். நகையைக் கழற்றிய சாட்சியைவிட வாலிபர்களுக்கு அதுதான் இப்போது தேவை.

நகை பற்றி இன்னும் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில் இதுதான். கருவி வேறு, குறி வேறு.

சொப்பனத்தில் பாவம் செய்கிறேன். கணக்கில் வருமா?

தூக்கத்தில் உங்கள் சம்மதம் இல்லை. எழுந்து முகம் கழுவி வேலையைப் பாருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு தேவதூஷணமான வார்த்தைகள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரே ஜெபத்தை நாற்பது ஐம்பது முறை சொல்கிறேன், கை கழுவிக்கொண்டே இருக்கிறேன். அசுத்த ஆவி என்கிறார்கள்.

தங்கச்சி, இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணுக்கு இன்றே பேசுங்கள். நீங்கள் விரும்பாமல், வெறுத்து, நடுங்கி நிற்கும்போது வருகிற எண்ணம் உங்கள் இருதயத்தின் தீர்மானம் ஆகாது. இது சிகிச்சையில் குறையக்கூடியது. மருந்து எடுப்பது அவிசுவாசம் இல்லை. குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணமும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லித் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உபவாசம் சொல்கிறவர்கள் பேச்சை இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

இந்த உலகத்தில் இருக்கும்போதே முழுச் சுத்தம் சாத்தியமா?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பூரண அன்பு (தேவனையும் பிறரையும் முழு இருதயத்தோடு நேசிப்பது) இங்கேயே சாத்தியம் என்று போதித்தார். அவர்கூட அதற்கு அறியாமையும் தவறும் சோதனையும் இல்லாத நிலை என்று அர்த்தம் சொல்லவில்லை. கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையார் அதை ஏற்கவில்லை. 1 யோவான் 1:8ஐயும் 3:3ஐயும் சேர்த்து வாசியுங்கள். பாவமில்லை என்பவன் தன்னை வஞ்சிக்கிறான். அவரைக் காணுவோம் என்று நம்புகிறவன் தன்னைச் சுத்திகரித்துக்கொள்ளுகிறான். எனக்கு இந்த இரண்டும் போதும், விவாதத்துக்கு நான் வரவில்லை.

அப்பா இறந்த பிறகு அண்ணன் எனக்குப் பங்கு தராமல் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்லிவிட்டேன், ஆனால் அவர் பெயரைக் கேட்டாலே உடம்பு சூடாகிறது. இந்த ஞாயிறு திருவிருந்து எடுக்கலாமா?

இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள் அக்கா. பங்கு கேட்பது பாவம் இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மன்னிப்பு என்ற பெயரில் அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது யாருக்கு லாபம் என்று பாருங்கள். பத்திர நகலோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இருதயத்தின் விஷயம் வேறு. உடம்பு சூடாவது காயத்தின் வலி, அதற்காக உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். அண்ணன் மகளுக்கு வரன் தட்டிப்போனது என்று கேட்டால் உள்ளே ஒரு திருப்தி வருகிறதா? அங்கேதான் வேலை இருக்கிறது. அந்தப் பெண்ணுடைய பெயரைச் சொல்லி நல்லது நடக்கும்படி தினமும் ஜெபியுங்கள். முதலில் வாய் மட்டும்தான் சொல்லும், பரவாயில்லை.

ஞாயிறுக்கு முன் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், அதை வக்கீல் பேசட்டும். அண்ணிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா என்று கேளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றாலும், எடுத்துத் திட்டினாலும், “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்” என்று ரோமர் 12:18 சொல்வதில் உங்களாலானதை நீங்கள் செய்துவிட்டீர்கள். அப்புறம் போய்த் திருவிருந்தில் சேருங்கள்.