பேய்க்கதையும் புதிதாக வந்த நாயும்

அன்பின் அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்தில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், வசிக்கிறேன். பகலில் முன்பள்ளியில் கற்பிக்கிறேன். இரவில் பேய்க்கதைகளை வாசித்து ஒலிக்கதைகளாகப் பதிவு செய்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன்பு, கடைத்தெருவில் மழையில் நனைந்து கிடந்த ஒரு பெட்டை நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வயது இருக்கும். வெள்ளச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். பகலெல்லாம் சாதுவாக இருக்கும் அது, நான் ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்து கதையைத் தொடங்கியதும் நடுங்குகிறது, கதவைப் பிறாண்டுகிறது, பேய் வரும் இடத்தில் நான் குரலை மாற்றினால் ஊளையிடுகிறது. வெளியில் கட்டினால் லயமே விழித்துக்கொள்கிறது. நாயின் கண்ணுக்கு ஏதோ தெரிகிறது, ஒன்றில் கதையை விடு, இல்லையென்றால் நாயைக் கொண்டுபோய் விடு என்கிறார் அம்மா. எனக்கு இரண்டையும் விட மனமில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு நாள் அதன் ஊளை தற்செயலாகப் பதிவாகிவிட்டது. கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. அதைக் கதையில் சேர்க்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். சேர்க்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

நீங்கள் இரண்டையும் விட வேண்டியதில்லை. ஆனால் கதை சில நாட்கள் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் காத்திருக்க அதனால் முடியும், வெள்ளச்சியால் முடியாது. கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வளர்ப்பவர்களிடையே 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்றொரு கணக்கு வழங்குகிறது. மூன்று நாட்களில் முதல் திகைப்பு அடங்கும். மூன்று வாரங்களில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். இது என் இடம் என்ற உறுதி உண்டாக மூன்று மாதங்கள் ஆகும். இது எல்லா நாய்க்கும் அச்சொட்டாகப் பொருந்தும் விதியென்று கொள்ள வேண்டாம். வளர்த்தவர்களின் அனுபவத்திலிருந்து எழுந்த கணக்கு. அந்தக் கணக்கின்படி பார்த்தால், யார் கதவைத் திறப்பார், யார் சோறு வைப்பார் என்பதையே வெள்ளச்சி இன்னும் கற்று முடிக்கவில்லை. அதற்குள் தன்னைத் தூக்கி வந்தவரின் வாயிலிருந்து இரவில் வேறொருவரின் குரல் வருவதை அது கேட்கிறது.

இதை நான் என் தவறிலிருந்து தெரிந்துகொண்டேன். மணி என்ற நாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பண்டாரவளையில் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒரு தயாரிப்பாளருக்கு வாக்களித்திருந்த கதைக்குத் தவணை நெருங்கியிருந்தபடியால், வந்த நான்காம் நாளே அவனைக் குசினிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பக்கத்து அறையில் நான் வாசித்தேன். பிறாண்டலும் முனகலும் எனக்குக் கேட்கவில்லை, ஒலிவாங்கிக்குக் கேட்டிருந்தது. ஒலிநூல் நிறுவனங்கள் பலவும் பேச்சற்ற இடைவெளியின் இரைச்சல் கிட்டத்தட்டக் கேட்காத அளவில், அதாவது மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. என் பதிவு திரும்பி வந்தது. திருத்துவதற்காகத் தலையணிக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டபோது, என் ஒவ்வொரு இடைநிறுத்தத்துக்குள்ளும் அந்த முனகல் இருந்தது. கேட்பவரை அச்சுறுத்துவதற்காக நான் விட்டிருந்த மௌனங்கள் அத்தனையையும், உண்மையிலேயே அஞ்சிய ஓர் உயிர் நிரப்பியிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் மாறவில்லை.

நாய்க்குக் கதை புரியாது, குரல் புரியும். 2016ஆம் ஆண்டு ஹங்கேரி ஆய்வாளர்கள் 13 வீட்டு நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் வைத்து, அவற்றின் பயிற்சியாளர் பேசிய பாராட்டுச் சொற்களையும் அவற்றுக்குப் பொருளற்ற சொற்களையும் கேட்கச் செய்தார்கள். சொல்லையும் தொனியையும் நாயின் மூளை தனித்தனியே கையாள்கிறது என்பதும், பாராட்டுச் சொல் பாராட்டும் தொனியிலேயே வந்தால்தான் மகிழ்ச்சிக்குரிய பகுதி நன்கு தூண்டப்படுகிறது என்பதும் அதில் தெரியவந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தில், காப்பகத்தில் அடைபட்டிருந்த நாய்களுக்கு இசையையும் ஒலிநூலையும் மாறி மாறிக் கேட்கச் செய்த இன்னோர் ஆய்வில், ஒலிநூல் ஓடியபோதே அவை அதிகம் படுத்து ஓய்வெடுத்தன. ஆகவே வாசிக்கும் மனிதக் குரல் நாய்க்குப் பகையானது என்று அஞ்ச வேண்டாம். தொண்டைக்குள் உறுமுவதும், திடீரென்று கிசுகிசுப்பதும், அதிலிருந்து சட்டென்று அலறலுக்குத் தாவுவதுமே அதைக் கலக்குகின்றன. விளையாட்டில் அல்லாத உறுமல் நாயின் உலகில் பெரும்பாலும் எச்சரிக்கைதான். அதைத் தான் நம்பத் தொடங்கியிருக்கும் ஒருவரிடமிருந்து கேட்கும்போது, தப்பி ஓடுவதா, பணிந்து கிடப்பதா என்று தெரியாமல் வெள்ளச்சி நடுங்குகிறது. அந்த அச்சத்தோடு, நீட்டி இழுக்கும் ஓலத்துக்கு ஊளையால் பதில் சொல்லும் பிறவிக்குணமும் சேர்ந்துகொள்கிறது. அதில் வேறு அறிகுறி தேட வேண்டியதில்லை.

இங்கே உங்கள் வாசிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாயை அச்சுறுத்தும் குரல் கதைக்கும் உகந்ததன்று என்பது என் உறுதியான எண்ணம். நான் பிறந்தது கொட்டகலைப் பக்கத்து லயம் ஒன்றில். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரைவரை எழும்பாமல் நின்றுவிடும். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் இரு பக்கமும் உறங்கிக்கொண்டிருக்க, என் அப்பாயி அடுப்படியில் அமர்ந்து எங்களுக்குப் பேய்க்கதை சொல்வார். தேயிலை ஆலையின் பெரிய சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியின் கதையையும், ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் அரிக்கன் லாம்புடன் தனியே நடந்து போன ஒருவரின் கதையையும் அவர் சொல்லக் கேட்டே நான் வளர்ந்தேன். லாம்பு அணையும் இடத்தில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்த முடியாது, அயலார் எழுந்துவிடுவார்கள். பின்னால் இன்னொரு காலடி கேட்கும் கட்டத்தில், மறுநாளைக்கு அரிசி போதுமா என்று கேட்கும் அதே குரலில், இன்னும் சற்று மெதுவாக, "நின்னாரு... அதுவும் நின்னுச்சு" என்பார். பிறகு அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவைப்பார். நாங்கள் மூச்சுவிட மறந்திருப்போம். அவர் காலடியில் சுருண்டு கிடந்த நாய் ஒரு நாளும் தலையைத் தூக்கியதில்லை.

கூரைவரை எழாத அந்தச் சுவர்களே நம்முடைய கதைசொல்லலின் இலக்கணத்தை வகுத்தன என்று நினைக்கிறேன். நீங்களும் அத்தகைய லயத்தில் இருந்தே வாசிக்கிறீர்கள். பேய்க்கு ஒரு தனிக் குரலைப் போட்டுக்கொண்டு அலறும் முறை நமக்கு வெளியிலிருந்து வந்தது. தலையணிக் கருவியில் கேட்பவரின் காதுக்குள் அது வலியை உண்டாக்குமே தவிர, அச்சத்தை வேரூன்ற விடாது. குரல் மாறாமலே இருக்க, சொல்லும் செய்தி மட்டும் தாங்க முடியாததாகிக்கொண்டே போகும்போது கேட்பவருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. வெள்ளச்சி உறங்கும் குரலில் ஒரு கதையை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள்; அக்குரலின் வலு உங்களுக்கே விளங்கும்.

இனி, செய்ய வேண்டியவை. அடுத்த பத்து நாட்களுக்கு எதையும் பதிவு செய்ய வேண்டாம். ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் ஒவ்வொரு நாளும், வெளிச்சம் இருக்கும்போதே, நாயும் அதே அறையில் இருக்க அமருங்கள். கதவு திறந்திருக்கட்டும், போக நினைத்தால் போகலாம் என்பதே அதற்குப் பெரிய ஆறுதல். முதலில் பத்திரிகையை வாசியுங்கள், இடையிடையே ஒரு நெத்தலித் துண்டைக் கீழே போடுங்கள். பிறகு பேய்க்கதையை, பத்திரிகை வாசித்த குரலிலேயே வாசியுங்கள். காது பின்னால் மடிவது, வால் ஒடுங்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, உணவில்லாமல் உதட்டை நக்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் குரலைத் தளர்த்தி முந்தைய நிலைக்குத் திரும்புங்கள். அதட்ட வேண்டாம். அஞ்சும் நாயை அணைத்தால் அச்சம் வளரும் என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்தவும் வேண்டாம். உங்களிடம் வந்து ஒண்டினால் ஒண்டட்டும்.

அறையை ஒழுங்கு செய்வதில் நாயின் தேவையும் ஒலியின் தேவையும் பெரும்பாலும் ஒன்றே. சுவரில் தொங்கவிடும் கம்பளி எதிரொலியை உறிஞ்சும். மேசைக்கடியில் விரிக்கும் சாக்கும் பழைய போர்வையும் நாய்க்குப் படுக்கையாவதோடு, சீமெந்துத் தரையில் நகம் உரசும் ஓசையையும் தடுக்கும். கழுத்துப் பட்டியில் மணி இருந்தால் கழற்றிவிடுங்கள். அறையின் சிற்றோசைகளை எல்லாம் வாரிக்கொள்ளும் கண்டென்சர் ஒலிவாங்கியை விட, டைனமிக் வகை உங்கள் லயத்துக்கு ஏற்றது. அதை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து வாசியுங்கள். வாசிப்பில் தவறிய இடத்தை அடையாளப்படுத்த, நாய் பழக்குவோர் உணவு தருவதற்கு அடையாளமாகப் பயன்படுத்தும், அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியை அழுத்தும் வழக்கம் ஒலிநூல் வாசிப்பாளர்களிடையே உண்டு. திரையில் அந்த இடம் கூரிய முள்ளாகத் தெரியும். வெள்ளச்சியைக் கிளிக்கரால் பழக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பதிவுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் அது உணவை எதிர்பார்த்து எழுந்து வரும். கைதட்டுவதும் அதைத் திடுக்கிடச் செய்யலாம். மேசையில் ஒரு பென்சிலால் தட்டினால் போதும். பொகவந்தலாவையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தகரக் கூரையின் கீழ் எப்படியும் நினைத்த நேரத்தில் வாசிக்க முடியாது; மழை விட்ட வேளையில், நாயை நடத்திக் கூட்டிவந்து, சோறு வைத்து, அது படுத்த பிறகு தொடங்குங்கள்.

இரவில் வெளியே கட்டுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். உங்கள் பகுதித் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியாததன்று. கயிற்றில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது. தெருவில் இருந்து வந்த நாய் என்பதால் விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் தாமதிக்காமல் போட்டுவிடுங்கள்.

அம்மாவோடு வாதிட வேண்டாம். நாயின் கண்ணுக்கு எமதூதர் தெரிவார்கள் என்று என் அப்பாயியும் நம்பினார். ஆனால் அதே நம்பிக்கையில்தான் வைரவருக்கு நாய் வாகனமாக இருக்கிறது. இரவில் காவல் செல்லும் தெய்வம் நாயைத்தான் உடன் அழைத்துச் செல்கிறது. நமக்குத் தெரியாதது அதற்குத் தெரிகிறது என்றால், அதை வாசலுக்கு உள்ளே வைத்துக்கொள்வதே வீட்டுக்குப் பாதுகாப்பு என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருடைய நம்பிக்கையை உடைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கைக்குள்ளேயே வெள்ளச்சிக்கு ஓர் இடம் இருக்கிறது.

கடைசியாக, அந்த ஊளை. சேர்க்க வேண்டாம். அது உண்மையான அச்சத்தின் ஒலி. அதனால்தான் உங்கள் உடம்பு சிலிர்க்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணமானவர் நீங்கள். அதைக் கதைக்கு அணியாக்கினால், அடுத்த கதைக்கும் அது தேவைப்படும். அப்போது நாய் அமைதியடைவதை உங்கள் மனத்தின் ஒரு மூலை விரும்பாமல் போகக்கூடும். அந்த இடத்துக்கு உங்களை நீங்களே இட்டுச்செல்லாதீர்கள். ஒலி வேண்டுமென்றால், மழை ஓய்ந்த பின் தகர விளிம்பிலிருந்து பீப்பாய்க்குள் சொட்டும் நீர் இருக்கிறது; இருட்டில் யாரும் இல்லாத பீலிக்கரையில் விழும் தண்ணீர் இருக்கிறது. நம் மலைகளில் வளர்ந்தவர்களுக்கு அவற்றைக் கேட்டாலே போதும்.

அந்தப் பதிவை அழித்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை இரவு ஒலிவாங்கி இல்லாமல், அடுப்படியில் அம்மாவையும் வெள்ளச்சியையும் வைத்துக்கொண்டு ஒரு கதையைச் சொல்லுங்கள். எந்த வரியில் அது தலையைத் தூக்கியது என்று எனக்கு எழுதுங்கள். அந்த வரியை எப்படி வாசிக்கலாம் என்று நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா
பண்டாரவளை