உலகம் கொண்டாடும் பழைய ஆல்பங்களை, ஒரே இசை வகையோடு நிற்காமல், முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா? உண்மையில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை?

கேட்டிருக்கிறேன். ஆனால் தீர்ப்பைச் சொல்வதற்கு முன்னால் என் காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழே நான் எழுதப்போவது எதற்கும் பொருள் இருக்காது.

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டைப் பக்கம். முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள், பின்கட்டில் நாங்கள். காலையில் ஓடத் தொடங்கினால் இரவு வரை ஓயாது. குறுக்கு நூலை இழுத்துப் போகும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் மோதும் சத்தம் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் கேட்கும். நான்கு தறியும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனிக் கணக்கில் தட்டும். இந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் குரல் பெரிது. நான் தொலைபேசியில் நலம் விசாரித்தாலே எதிர்முனையில் இருப்பவர் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்வார். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தலையைத் தூக்காமலே, "மூன்றாவது தறியில் நாடா தட்டித் தட்டிப் போகிறது, நிறுத்து" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இப்படி வளர்ந்த காதுக்குத் தாளம் உடனே பிடிபடும், மெல்லிய ஒலி எட்டவே எட்டாது. ஒரு பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நொடி அமைதி இருக்கும் என்பதே எனக்கு 2012-ல்தான் தெரியும்.

அந்த ஆண்டின் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையை விட்டு வெளியே வந்தால் பாதி நாள் மின்சாரம் இருக்காது. தறி ஓட்டுகிற வீட்டில் அது வயிற்றில் விழுந்த அடி. வேட்டி, துண்டு எதுவும் கெடுவுக்கு முடியவில்லை என்று அப்பா புலம்பாத நாள் இல்லை. அந்த நேரத்தில் மகிழ்ந்தவன் நான் ஒருவன்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தறி நின்றதும் முதலில் சுவர்க் கடிகாரம் கேட்டது. பிறகு அடுத்த வீட்டில் யாரோ அரிசி புடைப்பது கேட்டது. நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்காருவேன். ஒரு மின்வெட்டுக்குள் ஓர் ஆல்பம் தாராளமாக அடங்கும்.

பாட்டு வந்த வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் கோளாறு. அப்போது மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் தெருவுக்கு இரண்டு இருந்தன. பழைய பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில், சினிமாப் பாட்டு வேண்டாம், வெளிநாட்டு ஆல்பம் இருந்தால் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஐம்பது ரூபாய்க்கு ஒரு குவியலை ஏற்றிக் கொடுத்தார். அதில் முதலில் கேட்டது பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. எல்லாப் பட்டியலிலும் முன்னால் நிற்பது. கேட்டு முடித்ததும் எனக்கு வந்தது எரிச்சல். ஒரு பாட்டு பாதியில் அறுந்து சம்பந்தமில்லாத இன்னொன்று தொடங்குகிறது. நான்காவது பாட்டின் கடைசியில் இதயத் துடிப்பு, ஏழாவது பாட்டில் மறுபடியும் இதயத் துடிப்பு. இதைத்தான் கொண்டாடுகிறார்களா என்று நண்பர்களிடம் இரண்டு வருடம் ஏளனமாகப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

உண்மை என்னவென்றால், கைப்பேசி பாட்டுகளை ஆங்கில அகர வரிசையில் போட்டிருக்கிறது. அந்த ஆல்பம் இதயத் துடிப்பில் தொடங்கி, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி தெரியாமல் பின்னிப் போய், கடைசியில் அதே துடிப்பில் அடங்குவது. நான் கேட்டதோ பாவில் இழை வரிசை மாற்றிக் கட்டி நெய்த துணி. தவறான வரிசையில் கேட்டுவிட்டுத் துணி சரியில்லை என்று சொன்ன நெசவுக்காரன் மகன் நான். இந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதைச் சரியான வரிசையில் கேட்டது ஏற்காட்டில். என் தாய்மாமா அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுபவர். பழைய முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டுப் போனபோது, இசைத்தட்டுக் கருவியையும் ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டுகளையும் மாமாவிடம் விட்டுவிட்டார். சேலத்தில் பஸ் ஏறினால் அஸ்தம்பட்டி, நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ, அடிவாரம், அதற்குப் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறக்கும். அப்படித் திறந்த காதோடுதான் அந்த வீட்டுக்குள் போவேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஓட்டு வீடு. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களைத் தவிர ஆள் நடமாட்டம் குறைவு.

டார்க் சைடில் சொல்லே இல்லாமல் ஒரு பெண் பாடும் இடம் ஒன்று உண்டு. பாடியவர் கிளேர் டோரி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு 30 பவுண்டு கொடுத்து அனுப்பினார்களாம். அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் ஏறியது, வழக்குப் போட்ட பிறகு 2005-ல்தான். அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "யார் செத்தது?" என்று கேட்டார். அந்தப் பாட்டு சாவைப் பற்றியது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒப்பாரி கேட்டுப் பழகியவருக்குச் சொல் தேவைப்படவில்லை. ஆக, என் பழைய தீர்ப்பை முழுதாகத் திரும்பப் பெறுகிறேன். பணப்பெட்டிச் சத்தத்தில் தொடங்குகிற பாட்டு மட்டும் இப்போதும் எனக்கு நீளம்.

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். பாஸ் என்னும் தடித்த நரம்பு வாத்தியம் ஒரு கேள்வி கேட்கிறது, மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்கின்றன. யாரும் முந்துவதில்லை. மாமா வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். சும்மா இருக்காமல் தட்டோடு சேர்ந்து கட்டையை அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. தட்டு அரைச் சுரத்துக்கும் குறைவாக மேலே நின்றது. கருவியின் வேகம் கூடிவிட்டது என்று சொல்லி, ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து ரப்பர் பெல்ட்டை மாற்றினார். அப்போதும் ஒட்டவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் ஆர்மோனியத்தோடு அப்படியே பொருந்துகிறது! மாமாவுக்குக் குழப்பம் தாங்கவில்லை. பேய் பிடித்த தட்டு என்றார்.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்றைக்கு நியூயார்க் ஸ்டூடியோவில் ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22-ல் பதிவானது, அதில் கோளாறு இல்லை. 1990-களில் வந்த மறுபதிப்புகளில்தான் இதைத் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே கேட்டுக்கொண்டிருந்த பிழையை எங்கள் மாமா ஒரு பஜனை ஆர்மோனியத்தை வைத்துக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்குப் பெருமை.

ஒரு மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக அப்பாவும் மலைக்கு வந்திருந்தார். இதே தட்டைப் போட்டேன். அப்பாவுக்கு டிரம்பெட் பிடிக்கவில்லை. ஆனால் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் தட்டிக்கொண்டே போவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்தத் தறி நன்றாக ஓடுகிறது" என்றார். ஜாஸ் விமர்சனங்கள் நிறையப் படித்திருக்கிறேன். இதைவிடச் சரியாகச் சொன்னவர் யாரும் இல்லை.

அப்பாவே இன்னோர் ஆல்பத்துக்குச் சொன்னது வேறு மாதிரி. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977-ல் வெளியிட்ட 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்'. முழுக்க மின்னணு இசை. தலைப்புப் பாட்டில் ரயில் ஓடுகிறது, அடுத்து இரும்பில் இரும்பு மோதுகிறது. மின்வெட்டு நேரத்தில் இயர்போன் இல்லாமல் ஓடவிட்டேன். அப்பா படியேறி வந்து, "கரண்ட் போன நேரத்திலும் உனக்குத் தறிச் சத்தம்தான் வேண்டுமா?" என்று கேட்டார். கிராஃப்ட்வெர்க் என்றால் ஜெர்மன் மொழியில் மின் நிலையம் என்று பொருள். அதைச் சொல்லியிருந்தால் கைப்பேசி பறிபோயிருக்கும். எனக்கு அந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும், அது ரசனை அல்ல, பிறந்த வீட்டுப் பாசம்.

பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்', 1967. மதிக்கிறேன். காதலிக்கவில்லை. ஜார்ஜ் ஹாரிசன் தபேலா, தில்ரூபா எல்லாம் வைத்துப் பாடியிருக்கும் பாட்டை இந்தியர்களான நாம் விரும்ப வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். விருந்தாளி ஒருவர் நம் வீட்டுக்கு வந்து நம் வீட்டுச் சாம்பாரை நமக்கே விளக்குவது போல இருந்தது. ஆனால் ஆல்பத்தின் கடைசியில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அழுத்திய ஒரு சுரக்கட்டு உண்டு. அது தேய்ந்து அடங்க 40 நொடிக்கு மேல் ஆகிறது. அம்மாபேட்டையில் ஐந்தாவது நொடியிலேயே காணாமல் போகும். மலையில், இரவு பத்து மணிக்கு, ஓட்டில் பனி சொட்டும் நேரத்தில், அதன் வால் நுனிவரை கேட்டேன். அதற்காகவே முழு ஆல்பத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கிளென் கூல்டு என்ற கனடா நாட்டுப் பியானோ கலைஞர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை' ஸ்டூடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார். 1955-ல் 38 நிமிடம், 1981-ல் 51 நிமிடம். முதலாவது துள்ளுகிறது, எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு. வாசித்துக்கொண்டே அவர் முனகுவது பதிவிலேயே கேட்கிறது. வேலை செய்கிற மனிதனின் முனகல்.

'கால் ஆஃப் தி வேலி', 1967, மாமாவின் செல்லம். சிவகுமார் சர்மாவின் சந்தூர் (குச்சியால் தட்டும் கம்பி வாத்தியம்), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டார். காஷ்மீர இடையன் ஒருவனின் ஒரு நாளை ராகங்களாகச் சொல்வது. சந்தூர் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கொலுசுகளைக் கொத்தாக எடுத்து மேசையில் வைப்பது போலச் சொரிகிறது. எனக்குச் சற்று இனிப்பு அதிகம். மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 1986. இதில் என்னால் நடுநிலையாக இருக்க முடியாது. வி.எஸ். நரசிம்மனின் வயலினை நான் முதன்முதலாக முழு அமைதியில் கேட்டது ஒரு மத்தியான மின்வெட்டில். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம் அது. இரண்டு இசையும் சேர்கிற தையல் ஓரிரு இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தாலும் பரவாயில்லை, கையால் தைத்தது.

கடைசியாக, யாரும் ஆல்பம் என்று கணக்கில் சேர்க்காத ஒன்று: எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம், 1963. சேலத்தில் பிறந்த யாரும் இதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கோயில் ஒலிபெருக்கி நாம் தூங்கும்போதே ஊற்றிவிடும். முப்பது வருடமாக அப்படிக் கேட்டவன், மாமாவின் பெட்டியில் தட்டைப் பார்த்ததும் ஒரு வேடிக்கைக்குப் போட்டேன். இரண்டாவது சுலோகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ஒரு குரல் அல்ல. கூடவே வளர்ப்பு மகள் ராதா விஸ்வநாதன் பாடுகிறார். பெரிய குரலின் நிழலில், ஒரு மயிரிழை பின்னால், இரண்டாவது குரல் வந்துகொண்டே இருக்கிறது. குழாய் ஒலிபெருக்கி இரண்டையும் நசுக்கி ஒன்றாக்கியதைத்தான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். நீங்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால் இங்கே தொடங்குங்கள் என்பேன். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றில்.

பெட்டியில் இன்னும் ஒரு தட்டு பாக்கி இருக்கிறது. மழைக்காலப் பூஞ்சணத்தில் உறை ஒட்டிக்கொண்டு பெயர் உரிந்துவிட்டது, நடு லேபிளிலும் எழுத்து இல்லை. அது சர்ச் ஆர்கன் என்கிறார் மாமா. முதலாளி வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் போட்ட பாட்டு என்கிறார் அத்தை. போன மாதம் ஊசி தேய்ந்துவிட்டது. புது ஊசிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.